ஏமாற்றிய ஆயா உயிரோடு இல்லை, யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எனக்கு ஊர் காசிமேடு.

2016 முதல் 2019 வரை மீன் எடை போடும் வேலை பார்த்தேன். கூடையின் எடையைக் கழிக்காமல் கிலோவுக்கு நூறு கிராம் வரை அடித்தேன். அதிகம் ஏமாந்தது, தலைச்சுமையாக மீன் விற்ற ஒரு ஆயா. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈர நோட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பார். "நீ போட்டா சரியா இருக்கும் ராசா" என்பார். தராசைப் பார்க்கவே மாட்டார்.

2021இல் ஞானஸ்நானம் எடுத்தேன். நாலு மாதம் முன்புதான் துணிந்து அவரைத் தேடிப் போனேன். இறந்துவிட்டார். பிள்ளை இல்லை, உறவு என்று சொல்லவும் யாரும் கிடைக்கவில்லை.

பாஸ்டரிடம் அறிக்கை செய்தேன், உபவாசம் இருந்தேன். பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 வசனத்தைத் தினமும் வாசிக்கிறேன், நம்பவும் செய்கிறேன். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவர் இறந்தது தெரிந்த நாளிலிருந்து, இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் இராப்போஜனத்தில் அப்பத்துக்குக் கை நீளவில்லை.

வேதத்தில் வரும் வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனோ ஒரு காசும் திருப்பவில்லை, அவனுக்கும் பரதீசு கிடைத்தது. வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குச் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. கழுவுவது இயேசுவின் இரத்தம்தான், பணம் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அதற்கு முந்தின வசனம் சொல்கிறபடி, ஏமாற்றிய தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 18,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பணத்தை ஒப்படைத்த பிறகுதான் நான் இராப்போஜனப் பந்திக்குப் போக வேண்டுமா, இந்த ஞாயிறே போகலாமா?