அஞ்சல்வழிச் சதுரங்கம்: இரு குதிரைத் தற்காப்பில் ஐந்தாம் நகர்வு

வெலிங்டன்வாசி:
கொடைக்கானலில் இருக்கும் நண்பருடன் அஞ்சலட்டை வழியாகச் சதுரங்கம் ஆடி வருகிறேன். கணினியின் உதவியை நாடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். நான் கறுப்பு; ஆடுவது இரு குதிரைத் தற்காப்பு என்ற தொடக்கம். எண்முறையில் (முதல் இரு இலக்கங்கள் காய் புறப்படும் கட்டம், அடுத்த இரண்டு சேரும் கட்டம்; ஒவ்வொரு கட்டத்துக்கும் வெள்ளையின் இடப்புறத்திலிருந்து நிரல் எண், பிறகு வெள்ளையின் பக்கத்திலிருந்து வரிசை எண்) இதுவரை: 1.5254 5755 2.7163 2836 3.6134 7866 4.6375 4745 5.5445. இப்போது 6645 என்று குதிரையால் சிப்பாயை வெட்டினால், அவர் 7567 என்று தம் குதிரையைப் பலிகொடுத்து என் ராஜாவை வெளியே இழுத்துவிடலாம். ஆகவே 3615 என்று குதிரையை ஓரத்துக்கு நகர்த்துவதா, 2725 என்று சிப்பாயைத் தள்ளித் துணிவதா? அட்டை ஒரு மலை இறங்கி மறுமலை ஏற நாள்கள் பல ஆவதால், ஒரே அட்டையில் சில நகர்வுகளைச் சேர்த்து எழுதவும் விரும்புகிறேன்.

கோத்தகிரி குதிரை:
3615தான் ஐயா. 6.3425 3736 7.4536 2736 என்று போனால் உங்களுக்கு ஒரு சிப்பாய் குறையும், குதிரையும் ஓரத்தில் நிற்கும். ஆனால் வெள்ளையின் பிஷப் தாக்கப்படுகிறது, பின்னர் 8786 என்று ஓரச் சிப்பாயை ஏற்றினால் அவருடைய குதிரையும் இடம்பெயர வேண்டும், அதற்குள் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும். 2725க்குச் சரியான பதில், பிஷப்பை 3461 என்று புறப்பட்ட கட்டத்துக்கே திருப்புவது. நேருக்கு நேர் ஆடும்போது அதற்கு எளிதில் மனம் வராது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசிப்பவருக்கு வரும்.

பழனிமலைச் சிப்பாய்:
2725ஐ அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1965இல் தொடங்கிய 5ஆம் உலக அஞ்சல்வழிச் சதுரங்கச் சாம்பியன் போட்டியில், சோவியத் வீரர் எஸ்ட்ரினுக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய அமெரிக்க வீரர் பெர்லினர், 2725, 3461க்குப் பிறகு 3644 என்று குதிரையை நடுவில் ஏற்றினார். 10ஆம் நகர்வில் அந்தக் குதிரையும் பிஷப்பும் ஒருசேர வெட்டுப்படும் நிலையில் இருக்க, இரண்டையும் காப்பாற்றாமல் 5554 என்று சிப்பாயைத் தள்ளி, அந்த ஆட்டத்தையும் முடிவில் பட்டத்தையும் வென்றார். வெள்ளைக்கு மேம்பட்ட வழிகளை ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள் என்பது உண்மையே. உங்கள் நண்பர் அவற்றைப் படித்தவரா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

வெலிங்டன்வாசி:
படித்தவர்தான், அவர் வீட்டு அலமாரியில் பாதி சதுரங்க நூல்கள். 3615 என்றே எழுதுகிறேன்.

கோத்தகிரி குதிரை:
அதனுடன் "3425 எனில் 3736, 4536 எனில் 2736" என்று சேர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்: இப்படி "இது எனில் இது" என்று முன்கூட்டியே எழுதும் நிபந்தனை நகர்வு, எதிராளி ஏற்றுக்கொண்டால் எழுதியவரைக் கட்டுப்படுத்தும், அங்கே வெள்ளைக்கோ 2552, 2543, 4163 என்று பல வழிகள். கடைசி வழியில் பிஷப்பை அப்படியே விட்டு ராணி வெளியே வருகிறது. அவசரப்பட்டு பிஷப்பை வெட்டினால் மூலையில் இருக்கும் உங்கள் யானை போய்விடும்.