அப்பாவுக்குத் தொப்பை, இப்போது மறதியும்: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மொட்டைமாடி எழுதியது:

அப்பாவுக்கு வயது 71. கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். எடை 64 கிலோதான், உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்று போகிற இடத்திலெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை ஓடுகிறது. கொஞ்ச நாளாகத் தெரிந்தவர்கள் பெயரே வாயில் வர மாட்டேன் என்கிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார். தொப்பை இருந்தால் மூளை சுருங்கிவிடும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட, அதைப் பார்த்த அண்ணன் ஒரு வாரமாக அப்பாவுக்கு ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திவிட்டான். ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். அம்மாவுக்கும் அவனுக்கும் தினம் சண்டை. நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா? இந்த வயதில் வயிற்றைக் குறைத்தால் மறதி சரியாகுமா?

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

மற்றதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரியே அவருக்குச் சாப்பாடு கொடுங்கள். சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கிளிமிபிரைடு அல்லது கிளிக்ளசைடு என்று இருந்தால் சாப்பிடாமல் படுப்பது ஆபத்து, தூக்கத்திலேயே லோ சுகர் ஆகும். நமக்கென்றால் வியர்க்கும், கை நடுங்கும், எழுந்து ஏதாவது சாப்பிடுவோம். வயதானவர்களுக்கு அதெல்லாம் இல்லாமல் வெறும் குழப்பமாகவே வரலாம், வீட்டில் இருப்பவர்கள் மறதி கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். கடுமையான லோ சுகர் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மூளை பாதித்து வரும் மறதி நோய், அதிகம் என்று 2009லேயே ஆய்வு வந்திருக்கிறது. மூளையைக் காப்பாற்றப் பட்டினி போடுகிறேன் என்று உங்கள் அண்ணன் நேர் எதிரானதைச் செய்துகொண்டிருக்கிறார்.

அதே அட்டையில் மெட்பார்மின் இருக்கிறதா? வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டால் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும், அதனாலும் மறதி வரும். தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் கவனியுங்கள், பாதி வீடுகளில் மறதி என்று சொல்வது சொன்னது காதில் விழாததுதான்.

பழையசோறு எழுதியது:

என் தாத்தாவுக்கு இருந்த தொப்பைக்கு நாற்காலியே பத்தாது, 90 தாண்டியும் வட்டிக்கணக்கு வாயாலேயே போட்டார். இந்த ஆராய்ச்சியெல்லாம் ஏதாவது பவுடர் விற்கத்தான்.

கோடைமழை எழுதியது:

பழையசோறு சார், உங்கள் தாத்தா ஒருத்தர். கலிபோர்னியாவில் 6,583 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1964 முதல் 1973 வரைக்குள், அவர்களுக்கு 40–45 வயது இருக்கும்போது, முதுகிலிருந்து வயிற்றின் முன்பக்கம் வரை எவ்வளவு கனம் என்று கருவி வைத்து அளந்தார்கள். சராசரியாக 36 வருடம் கழித்து யாருக்கு டிமென்ஷியா வந்தது என்று பார்த்தால், வயிறு மிகச் சிறிதாக இருந்தவர்களைவிட மிகப் பெரிதாக இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மொத்த எடை சரியாக இருந்து வயிறு மட்டும் பெருத்தவர்களுக்கும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. 2008ல் வெளிவந்தது. இதை வைத்துத் தொப்பைதான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் தொடர்பு இருக்கிறது.

தோலுக்குக் கீழே பிடித்தால் கையில் வருகிற கொழுப்பு அவ்வளவு பிரச்சினை இல்லை. குடலைச் சுற்றி உள்ளே சேர்வதுதான் வம்பு. அங்கிருந்து வரும் கொழுப்பும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன, இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரையும் பிரஷரும் ஏறும், பல வருடத்தில் மூளையின் பொடி ரத்தக்குழாய்கள் கெடும். மூளைக்கு அடி இப்படிச் சுற்றிவளைத்தும் விழுகிறது, அதனால் பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவதே பாதி வைத்தியம்.

அப்புறம் இந்த 64 கிலோ. நம் ஆட்களுக்கு எடையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாகப் போட்டார்கள், இரண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 22.3, ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஆகவே இஞ்சு டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். நமக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ., அதற்குமேல் போனால் அதிகம்.

ராஜிஅக்கா எழுதியது:

தம்பி, மேலே சொன்ன ஆய்வில் அளந்தது நாற்பது வயதுக்காரர்களின் வயிற்றை, அதை விட்டுவிடாதீர்கள். எழுபதில் கதையே வேறு. டிமென்ஷியா வெளியே தெரிவதற்குச் சில வருடம் முன்பே பலருக்கு எடை தானாக இறங்க ஆரம்பிக்கும், அதனால் இந்த வயதில் பேன்ட் லூசானால் சந்தோஷப்படக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். குச்சிக் கை கால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பட்டினி போட்டால் இருக்கிற தசையும் போய்விடும், வயிறு அப்படியே இருக்கும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் முட்டை, பருப்பு, சுண்டல் வையுங்கள். சாயங்காலம் நடக்கட்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள், முதலில் பக்கத்தில் யாராவது நின்றுகொள்ளுங்கள்.

மறதி சரியாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பின்லாந்தில் 60லிருந்து 77 வயது வரை 1,260 பேரை எடுத்து, ஒரு பாதிக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கவனிப்பு எல்லாவற்றையும் இரண்டு வருடம் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் ஆலோசனை மட்டும் கேட்டவர்களைவிட இவர்களின் நினைவு, யோசனைச் சோதனை மதிப்பெண் கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான், ஆனால் அந்த வயதில் கூடியது.

மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அட்டையில் கிளிமிபிரைடு, மெட்பார்மின் இரண்டும் இருக்கிறது. இதை அண்ணனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன், பேசாமல் போய் அவனே இட்லி எடுத்துவைத்தான். அப்பா இடுப்பு 97, அண்ணன் 103. அவனுக்கு 44 வயது. பி12, தைராய்டு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகிறோம், வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

எச்பிஏ1சி சேர்த்துக்கொள்ளுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை அது. ரொம்பக் குறைவாக வந்தால் அதுவும் நல்லதல்ல, வயதானவர்களுக்கு இலக்கைச் சற்றுத் தளர்த்தி வைப்பதுண்டு, மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்க அவருக்கும் ஒரு ஊசி குத்திவிடுங்கள்.