சதுரங்கத்தில் ஓய்விலிருந்து பிளிட்ஸுக்கு, அதாவது சில நிமிஷத்தில் முடியும் அதிவேக ஆட்டத்துக்குத் திரும்பியவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா?

மயிலாடுதுறையிலிருந்து:

2017 ஆகஸ்ட். காவிரி மணலாகக் கிடந்தது, புஷ்கரத்துக்கு இன்னும் ஒரு மாசம். ராத்திரி பதினொன்றரைக்குச் சித்தப்பா என்னை உலுக்கி எழுப்பினார். "டேய், காஸ்பரோவ் உக்காந்துட்டாருடா!"

முன்னாள் உலகச் சாம்பியன் அவர். 2005-ல் ஸ்பெயினின் லினாரெஸில் முதலிடம் பிடித்த கையோடு விலகியவர், 54 வயதில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரேபிட் (பிளிட்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும் விரைவு ஆட்டம்), பிளிட்ஸ் ஆட வந்திருந்தார். பத்துப் பேரில் எங்க ஊரில் பிறந்த ஆனந்தும் ஒருவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் அந்தப் பழைய வழக்கத்தைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டேவிட் நவாராவிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அவர் கோட்டைவிட்டபோது, சித்தப்பா எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றார்.

காஸ்பரோவ் எட்டாவதாகத்தான் வந்தார், அரோனியன் ஜெயித்தார். "அவ்வளவுதான், முடிஞ்சது" என்றவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிளிட்ஸில் மட்டும் 18 ஆட்டத்தில் 9 புள்ளி. பன்னிரண்டு வருஷம் விலகியிருந்துவிட்டு உலகின் முன்வரிசை ஆட்டக்காரர்களிடம் சரிபாதி எடுப்பது சின்ன விஷயமா?

சித்தப்பா ஒருகாலத்தில் மாவட்ட அளவில் ஆடியவர். வேலை, குடும்பம் என்று இருபது வருஷத்துக்கு மேல் காயைத் தொடவில்லை. மறுவருஷம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பிளிட்ஸ் போட்டிக்குப் பேர் கொடுத்தார். எதிரில் ரெட்டைச் சடை போட்ட, பத்து வயசுகூட ஆகாத பெண். இவர் வலது கையால் காயை நகர்த்தி, இடது கையால் ஆட்டக் கடிகாரத்தை அழுத்தினார். நகர்த்திய கையால்தான் அழுத்தணும் என்பது விதி. நடுவர் எச்சரித்தார். அதற்கப்புறம் கை தடுமாறியது. ஒரு குதிரை கூடுதலாக இருந்தும் நேரம் தீர்ந்து தோற்றார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "குதிரை எங்க போகணும்னு உடனே தெரியுதுடா. கைதான் நம்ப மாட்டேங்குது. இன்னொரு தடவை பாத்துட்டு வைங்குது."

காஸ்பரோவுக்கும் ஆட்டத்துக்கு ஆட்டம் நேரம்தான் பற்றவில்லை. இதேதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

மன்னார்குடிப் பக்கமிருந்து:

அண்ணே, உங்க சித்தப்பா சொன்னது நெஞ்சில் தைத்தது. நான் 2021-ல் குரோஷியாவின் ஸாக்ரெபில் காஸ்பரோவ் மறுபடி ஆடியதைப் பார்த்தவன். பிளிட்ஸில் 18 ஆட்டத்துக்கு அவருக்குக் கிடைத்தது இரண்டரைப் புள்ளி. 1995-ல் நியூயார்க்கில் அவரிடம் உலகப் பட்டத்துக்கான போட்டியில் தோற்ற ஆனந்த், இங்கே பிளிட்ஸில் அவரை ஜெயித்தார். நம்ம ஆள் ஜெயித்தும் எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. அந்த இரண்டு நாளும் காஸ்பரோவ் எழுந்து போகாமல் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்தாரே, அதுதான் எனக்குப் பெரிசு.

எங்க ஊருக்குப் பக்கத்தில் திருப்பூவனூர், சதுரங்க வல்லபநாதர் கோயில். சித்தர் வேஷத்தில் வந்த சிவன் ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்த தலம். சித்தப்பாவை ஒருதரம் கூட்டிக்கிட்டு வாங்க, நீடாமங்கலத்திலிருந்து கிட்டத்தான்.

மயிலாடுதுறையிலிருந்து:

கட்டாயம் வருகிறோம் தம்பி. சித்தப்பா இப்போதும் சாயங்காலம் திண்ணையில் ஆளுக்கு மூணு நிமிஷம் வைத்து என்னோடு ஆடுகிறார். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டுதான் முதல் காயை நகர்த்துவார்.