புதுப்பிப்பு: போல்ட் தலை விளிம்பில் வந்த 610 எம்பிஏ

ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணினியில் தகைவு (பரப்புக்கு வரும் உள்விசை) பார்த்தபோது, 355 எம்பிஏ (மெகாபாஸ்கல்) யீல்டு, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் வரம்பு, உள்ள ஸ்டீல் பிராக்கெட்டில், எம்12 (12 மி.மீ.) போல்ட் தலையின் விளிம்பில் மட்டும் 610 எம்பிஏ காட்டுகிறது, தகட்டைத் தடிமனாக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டியதில்லை.

அந்த இடத்தில் மெஷ்ஷை (கணக்குக்காக மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) 2 மி.மீ.யிலிருந்து 1, பிறகு 0.5 என்று நுணுக்கினேன். உச்சத் தகைவு ஏறிக்கொண்டே போனது. ஆனால் விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி எடுத்த மதிப்பு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூர்மையான தொடு விளிம்பு தரும் சிங்குலாரிட்டி அது, அதாவது மெஷ்ஷை நுணுக்க நுணுக்க நிற்காமல் ஏறும் கணக்கு மதிப்பு. அந்த எண்ணை நம்பி எதையும் மாற்றக் கூடாது. துளையின் ஓரம் வேறு கதை. அகலமான தகட்டை ஒரு திசையில் இழுத்தால் அங்கே சுமார் 3 மடங்கு தகைவு உண்மையாகவே உண்டு. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அது ஒரு மதிப்பில் வந்து நிற்கும். தகைவுப் படத்தில் இரண்டும் ஒரே சிவப்பு, அதுதான் தொல்லை.

அந்தப் படம் காட்டும் வான் மீசஸ் (எல்லாத் திசைத் தகைவுகளையும் ஒரே எண்ணாக்கிய மதிப்பு) இழுவையா அமுக்கமா என்று சொல்லாது. முதன்மைத் தகைவுகளைப் பார்த்தேன்: தலைக்கடியில் இருப்பது ப்ரீலோடு (போல்ட்டை இறுக்கும்போதே அதில் ஏறும் விசை) தந்த அமுக்கம். பிளாஸ்டிசிட்டி (யீல்டுக்குப் பிறகு வரும் நிரந்தர உருமாற்றம்) சேர்த்து ஓட்டியதில், யீல்டான பகுதி மெல்லிய வளையமாக மேற்பரப்போடு நின்றுவிட்டது.

போல்ட்டுக்கு அதன் குறுக்குவெட்டு முழுவதிலும் வரும் மொத்த விசையை மாடலிலிருந்து எடுத்துக் கையால் கணக்கிட்டேன். 8.8 என்ற வலிமைத் தரம், தகைவுப் பரப்பு 84.3 ச.மி.மீ., ப்ரூஃப் (நிரந்தரமாக நீளாமல் தாங்கும் தகைவு) 580 எம்பிஏ, ஆக 48.9 கிலோநியூட்டன். அதில் 75% ப்ரீலோடு வைத்தும் தாங்குகிறது.

மிச்சம் ஃபெட்டீக் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் விரிசல் விடுவது). ப்ரீலோடு இறுகிய நிலையிலேயே அதிகச் சுமைக்கும் குறைந்த சுமைக்கும் துளை ஓரத்தில் வரும் வித்தியாசத்தை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன்.