திருவருகைக் காலத்தில் மனம் தேறிய அனுபவம் உண்டா?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து:

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் நெருங்குகிறது. இந்த நாள்களில் மனம் தேறிய அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2022 கடைசியில் என் கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போனது. வீட்டுக் கடன் ஒரு பக்கம், அடுத்த வருடம் பையனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. இவர் ஞாயிறு பூசைக்கு (திருப்பலிக்கு) வருவதையே நிறுத்திவிட்டார். டிசம்பர் 11, திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறு. எப்படியோ பேசி ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துத் தமிழ்ப் பூசைக்கு அழைத்துப் போனேன். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோவில், இவருடைய தாத்தா ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான்.

அது மகிழ்ச்சி ஞாயிறு, ரோஸ் நிற மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். ஆனால் அன்று வாசித்த நற்செய்தியோ சிறைச்சாலையில் தொடங்குகிறது. யோர்தான் கரையில் நின்று, எனக்குப் பின் ஒருவர் வருகிறார் என்று ஊருக்கெல்லாம் சொன்ன திருமுழுக்கு யோவான், இப்போது ஏரோதின் சிறையிலிருந்து சீடர்களை அனுப்பிக் கேட்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கணுமா? இயேசு கோபப்படவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி போய்ச் சேர்கிறது, கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அவ்வளவுதான்.

ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது இவர் கேட்டார்: "அப்புறம் யோவானை வெளியே விட்டாங்களா?"

"இல்லை, தலையை வெட்டிட்டாங்க" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். பல வாரமாக நான் கேட்காத சிரிப்பு. "அவருக்கே சந்தேகம் வந்துச்சுன்னா எனக்கும் வரலாம்ல?" என்றார். அடுத்த ஞாயிறு நான் கூப்பிடாமலே கிளம்பினார்.

வேலை மார்ச்சில்தான் கிடைத்தது, அதுவும் குறைந்த சம்பளத்துக்கு. பூசைக்கு வந்ததால் வேலை கிடைத்தது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வரும். சந்தேகத்தோடேயே உள்ளே வந்து உட்காரலாம் என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

துவாஸிலிருந்து:

அக்கா, 2020இல் நான் இங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியில் இருந்தேன். கொவிட் நேரம். லாரியில் வேலைக்குப் போவோம், வருவோம். மற்றபடி கேட்டைத் தாண்ட முடியாது. அந்த வருடம் திருவருகைக் கால முதல் ஞாயிறு நவம்பர் 29. திருக்கார்த்திகையும் அன்றைக்குத்தான். எனக்கு எதிர்க் கட்டில் அண்ணன் திருவண்ணாமலைக்காரர். அங்கே மாலை ஆறு மணிக்கு மலையில் தீபம், நமக்கு எட்டரை. கொரோனாவால் பக்தர்களை மலையேற விடவில்லை என்று அவருக்கு வருத்தம். அவர் போனில் தீபம் பார்த்தார், நான் என் போனில் பூசை பார்த்தேன். ரூமில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. அதனால் அவருக்கு அகலும் இல்லை, எனக்கு மெழுகுவர்த்தியும் இல்லை.

அன்றைய நற்செய்தியில், வீட்டுத் தலைவர் எப்போது திரும்புவாரோ தெரியாது, வாயில் காவலர் விழித்திருக்க வேண்டும் என்று வரும். எங்கள் வாசலிலும் ஒரு காவலாளி நன்றாக விழித்திருந்தார், நாங்கள் வெளியே போய்விடாமல்! அண்ணனிடம் இதைச் சொன்னேன். "உங்க சாமியும் காத்திருக்கச் சொல்றாரா? எங்க ஊர் கலெக்டரும் அதையேதான் சொல்றார்" என்றார். அதற்கப்புறம் ஞாயிறு வந்தால் "தம்பி, பூசைக்கு நேரமாச்சு" என்று அவரே எழுப்புவார். வீட்டு நினைப்பு தொண்டையை அடைத்த நாள்களில் அந்தக் குரல் போதுமாக இருந்தது.

தோ பாயோவிலிருந்து:

நம்பிக்கை என்று பெரிதாக எனக்கு எதுவும் வரவில்லை. போன டிசம்பர் தொடக்கத்தில் அம்மா போய்விட்டார். ஆர்ச்சர்ட் ரோட்டில் நவம்பரிலேயே விளக்கு போட்டுவிடுகிறார்கள், எந்தக் கடைக்குள் போனாலும் கிறிஸ்துமஸ் பாட்டு. சந்தோஷமாக இரு என்று ஊரே அதட்டுவது போல இருந்தது. கோவிலில் மட்டும் காத்திருப்பின் ஊதா நிறம். அந்த ஞாயிறுகளில், மற்ற ஞாயிறுகளில் பாடும் மகிழ்ச்சிப் புகழ்ப் பாட்டான வானவர் கீதம்கூடப் பாடுவதில்லை. என்னை யாரும் சிரிக்கச் சொல்லாத இடம் அது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் மணியடித்து அந்தக் கீதத்தைத் தொடங்கினார்கள். அழுதேன், கூடவே பாடவும் பாடினேன்.

இந்த வருடம் தமிழ்ப் பூசைக்கு வருபவர்கள் சொல்லுங்கள், முடிந்ததும் தேக்காவில் தோசை சாப்பிடப் போகலாம்.