கண்ணாடி பாட்டில் ரெண்டரில் அடிப்பாகம் கறுக்கிறது

கேள்வி: பிளெண்டர் சைக்கிள்ஸ் (3டி மென்பொருளான பிளெண்டரில் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும், அதாவது ரெண்டர் செய்யும் பகுதி), எண்ணெய் நிரப்பிய பாட்டில், சுவர் கனம் 3 மி.மீ., ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.5. எண்ணெயைச் சுற்றி வெள்ளி பூசியதுபோல் மினுக்கம், அடியில் கறுப்பு. பின்னணி வெள்ளை. எதை மாற்றலாம்?

பதில் 1: மினுக்கத்துக்குக் காரணம் எண்ணெய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் உள்ள காற்று. எண்ணெய் மெஷ்ஷை, அதாவது அதன் 3டி வடிவத்தை, கண்ணாடிக்குள் 0.2 மி.மீ. ஊடுருவ விடுங்கள். மிகச்சரியாக ஒட்டவைத்தால் பரப்புகள் மோதிப் புள்ளிபுள்ளியாக வரும். எண்ணெய்க்கு ஐஓஆர் 1.47. நார்மல்கள் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் திசைகள்) வெளிநோக்கி இருக்கின்றனவா?

பதில் 2: கறுப்புக்கு, டிரான்ஸ்மிஷன் பவுன்ஸை (ஒளி எத்தனை முறை ஊடுருவிச் செல்லலாம் என்ற வரம்பு) 12-லிருந்து 24 ஆக்குங்கள். எல்லா பவுன்ஸுக்கும் சேர்த்த வரம்பான டோட்டலையும் ஏற்றாவிட்டால் பலன் இல்லை (பலர் கோட்டைவிடும் இடம்). பிறகும் கறுத்தால், கண்ணாடி இருட்டைத்தான் பார்க்கிறது. பாட்டிலுக்குப் பின்னால், அடியை ஒட்டி, ஒரு வெள்ளை அட்டை வையுங்கள்.

பதில் 3: வெள்ளைப் பின்னணியில் விளிம்பு கரைந்துபோகும். ஏரியா லைட்டை (பரந்த பரப்பிலிருந்து ஒளிவிடும் விளக்கு) பின்னால் வைத்து, ஃபிரேமுக்குச் சற்று வெளியே இருபுறமும் கறுப்பு அட்டை நிறுத்துங்கள். விளிம்பில் கருங்கோடு விழும்.