நான்கு பருவங்கள் இல்லாத தோட்டத்தில் ஆண்டு முழுவதும் படம் எடுத்துப் பழகுவது எப்படி?

கேள்வி (பாடாங் செராய், கெடா, மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப்பனை) சூழ்ந்த ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வெளிப்புறக் காட்சிகளைப் படம் எடுத்து வருகிறேன். நான் படிக்கும் வழிகாட்டிகள் எல்லாம் வசந்தத்தில் பூக்களையும், இலையுதிர் காலத்தில் சிவந்த காட்டையும், குளிர்காலத்தில் பனியையும் எடுத்துப் பழகச் சொல்கின்றன. என் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஜனவரியில் எடுத்தது எது, ஆகஸ்டில் எடுத்தது எது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றிலும் அதே பச்சை, அதே வெளிறிய வானம். இங்கிருந்தபடியே பருவத்தைப் படத்தில் கொண்டுவர வழி உண்டா?

பதில் 1 (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர்)

தம்பி, இலையுதிர் காலம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறட்சியில் வளர்ந்த பால்மரங்கள் மஞ்சளும் செம்மையுமாக நிறம் மாறி, இலைகளை முழுவதும் கொட்டிவிடும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வந்து, பிறகுதான் பச்சையாகும். செம்பனைக்கு இந்த மாற்றம் கிடையாது. ஆகவே செம்பனையையே எடுத்துக்கொண்டிருந்தால் ஆண்டு முழுவதும் ஒரே படம்தான் கிடைக்கும். ஒரே ஒரு பால்மர நிரையைத் தேர்ந்தெடுத்து, நிற்கும் இடத்தில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில் எடுத்து வாருங்கள்.

விடியலில் பால் வெட்டுபவர்களை எடுப்பதானால் முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள், பிளாஷ் போடாதீர்கள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பட்டையைச் சீவும் கை சற்றுத் தவறினாலும் மரத்தில் காயம் விழுந்துவிடும்.

பதில் 2 (சுங்கை பட்டாணி, திருமணப் படப்பிடிப்பாளர்)

கிராணி ஐயா மரத்தைச் சொன்னார். நான் வெளிச்சத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 40 நிமிடங்கள்தான் மாறுகிறது. ஆனால் சூரியன் உதிக்கும் இடம் ஜூனில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 23 பாகை வடக்கேயும், டிசம்பரில் அதே அளவு தெற்கேயும் நகர்ந்துவிடுகிறது. நேர்கிழக்காக ஓடும் ஒரு தோட்டச் சாலையின் முடிவில் சூரியன் எழுவதை மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில்தான் பார்க்க முடியும். உங்கள் சாலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று திசைகாட்டியில் பார்த்தால், அதற்குரிய மாதம் தெரிந்துவிடும்.

சூரியனுக்கு ஏற்கெனவே முந்தியிருந்த தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் மேலும் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால், நம் உச்சிவேளை 12 மணி அல்ல. பிற்பகல் ஒன்றேகால் மணியை ஒட்டி வருகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும் அந்நேரத்தில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்பதால், முகங்களில் கண்குழி கறுத்துவிடும். எனவே கேமராவைக் காலை எட்டரைக்குள்ளும் மாலை ஆறுக்குப் பிறகும் எடுங்கள்.

இலை உதிர்ந்த நிரையில் வானம் அதிகமாகத் தெரிவதால் கேமரா ஏமாந்து மரங்களைக் கறுப்பாக்கிவிடும். அப்போது வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்காக) கூட்டுங்கள். இருண்ட செம்பனைக் காட்டுக்குள் அதற்கு நேர்மாறாக, சற்றுக் குறைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். அது ஓய்ந்த அரை மணி நேரத்தில் லென்ஸின் முன் பொருத்தும் போலரைசர் வடிகட்டியைத் திருகி, ஈர இலைகளின் மேல் பளபளக்கும் வெள்ளை ஒளியை நீக்கிப் பாருங்கள். உங்களைச் சலிப்படைய வைத்த அந்தப் பச்சைக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்பது அப்போது தெரியும். நான் மிகவும் விரும்பும் நேரம் அதுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் சாலை கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே நோக்கி ஓடுகிறது, டிசம்பரில் முயல்கிறேன். புகைமூட்டக் காலத்தில் கேமராவை எடுத்து வைத்துவிட வேண்டியதுதானா?

பதில் 2

சுமத்ராவின் கரிநிலங்கள் (மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலங்கள்) எரியும் ஆண்டுகளில், 2015இலும் 2019இலும் வந்ததைப் போன்ற புகையில், தொலைவுக் காட்சிகளுக்கு வழியில்லை. ஆனால் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கி அடுக்கடுக்காகத் தெரியும். சூரியன் செந்தட்டாகத் தொங்கும். இருப்பினும், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே போகாதீர்கள்.

பதில் 3 (கூலிம்)

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் படிந்துவிடும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். மழை மாதங்களில் ஒரு லென்ஸை அலமாரியில் வைத்து மறந்ததால், அதன் உட்கண்ணாடியில் சிலந்தி வலையைப் போலப் பூஞ்சை படர்ந்து, அதை நான் இழந்தேன். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் விலை கூடிய டிரை பாக்ஸ் பெட்டி வாங்க இயலாவிட்டால், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பத அளவி ஆகிய மூன்றும் போதும். அளவியின் முள் 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.